கல்யாணத்துக்கு நாள் குறிப்பதற்குள் நான் பட்ட பாடு

என் தங்கையின் கல்யாணம் 2025 தை மாதம் நடக்க வேண்டியது. நடந்தது ஆவணியில். இடையில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மனக்கசப்பு எதுவும் இல்லை, வரதட்சிணைப் பேச்சு இல்லை, இரண்டு வீட்டிலும் யாருக்கும் உடம்புக்கு வரவில்லை. நாள் ஒன்றுதான் அமையவில்லை. அந்த ஒன்றுக்காக மட்டும் எங்கள் கையை விட்டுப் போனது ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய். தூக்கம் போனது தனிக் கணக்கு.

அப்பா இல்லை. அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, போனில் பேசவே பயப்படுவாள். என் கணவர் மஸ்கட்டில். சித்தப்பா ஒருவர் இருக்கிறார், "நாள் மட்டும் பார்த்துச் சொல்லும்மா, முதல் ஆளா வந்து நிக்கறேன்" என்பார். வந்தும் நின்றார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த "நாள் மட்டும்" என்பதுதான் முழு வேலையும் என்று எனக்கும் அப்போது தெரியாது, எனக்குச் சொல்லவும் ஆள் இல்லை. வீட்டில் மூத்த பெண்ணாக, தனியாக ஒரு கல்யாணத்தை எடுத்துக் கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் அலைந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாகும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் திருச்சி. மாப்பிள்ளை வீடு திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம், மாப்பிள்ளைக்கு வேலை பெங்களூரில். கார்த்திகையில் நிச்சயம் முடிந்தது. தையில் கல்யாணம் என்று அன்றைக்கே வாய் வார்த்தையாகப் பேசிவிட்டார்கள். "நாளை நீங்களே பார்த்துருங்கம்மா, பொண்ணு வீடு பார்க்கறதுதான் முறை" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுஷி. இதில் அவர் மேலும் தப்புச் சொல்ல மாட்டேன்.

எங்கள் குடும்ப ஜோசியர் பழைய ஆள். என் கல்யாணத்துக்கும் அவர்தான் நாள் குறித்தார். செய்தித்தாள் அட்டை போட்ட பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்து, இரண்டு ஜாதகத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, விரல் கணுக்களில் நட்சத்திரத்தை எண்ணினார். பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து அன்றைய நட்சத்திரம் வரை எண்ணுவது, அப்புறம் மாப்பிள்ளையின் நட்சத்திரத்திலிருந்து எண்ணுவது. மூன்று, ஐந்து, ஏழு என்று வந்தால் தள்ளிவிடுவார். கடைசியில் தை வளர்பிறையில் ஒரு நாளைச் சொல்லி, ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முகூர்த்தம் என்று மஞ்சள் தாளில் எழுதிக் கொடுத்தார். மனசு நிறைந்து போனது. அன்று மாலையே மண்டபத்துக்குப் போய் 50 ஆயிரம் அட்வான்ஸ் கட்டிவிட்டேன். தை முகூர்த்தம் என்றால் ஒரு வருஷத்துக்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள், இது யாரோ விட்டுக்கொடுத்ததால் கிடைத்தது, இப்போது விட்டால் போய்விடும் என்று மேனேஜர் சொன்னார். அதில் பொய்யும் இல்லை.

நாலு நாள் கழித்து அத்தை போன் செய்தார். குரலே சரியில்லை. "ஏம்மா, எங்க ஜோசியர் அன்னிக்குத் தம்பிக்குச் சந்திராஷ்டமம்னு சொல்றாரே." சந்திராஷ்டமம் என்றால் ஒருவருடைய ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் இருக்கும் நேரம், அதில் நல்ல காரியம் வைக்க மாட்டார்கள். எனக்குத் தலை சுற்றியது. எங்கள் ஜோசியரிடம் ஓடினேன். அவர் பஞ்சாங்கத்தைத் திருப்பிக் காட்டி, அன்று காலை ஒன்பதரைக்கு மேல்தான் சந்திரன் அந்த ராசிக்குப் போகிறது, ஒன்பதுக்குள் தாலி ஏறிவிடும், ஒரு தோஷமும் இல்லை என்று அடித்துச் சொன்னார். அவர்கள் ஜோசியரோ கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, விடியற்காலை ஆறுக்கு முன்பே சந்திரன் மாறிவிடுகிறது என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இவருடையது வாக்கியப் பஞ்சாங்கம், அவருடையது திருக்கணிதம்.

இந்த இரண்டும் என்னவென்று கல்யாணம் எடுத்துச் செய்கிற எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வாக்கியம் என்பது முன்னோர்கள் சிறு சிறு வாக்கியங்களாக எழுதி வைத்த பழைய கணக்கை அப்படியே வைத்துப் போடுவது. திருக்கணிதம் என்பது வானத்தில் கிரகம் இன்று இருக்கிற இடத்துக்கு ஏற்பத் திருத்திக் கணிப்பது. இரண்டுக்கும் திதியிலும் நட்சத்திரத்திலும் சில மணி நேரம் முன்பின் இருக்கும். சனிப்பெயர்ச்சி மாதிரி விஷயத்தில் வித்தியாசம் மாதக்கணக்கில் போய்விடும். 2025 மார்ச் 29-ஆம் தேதி சனிப்பெயர்ச்சி என்று ஊரெல்லாம் பேச, வாக்கியப்படி அது 2026-இல்தான் என்று திருநள்ளாறு கோயிலிலிருந்து அறிவித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். கோயிலுக்கும் ஜோசியருக்கும் இடையிலேயே அப்படி என்றால் இரண்டு வீட்டு ஜோசியர்களுக்குள் எப்படி இருக்கும்? எந்தப் பஞ்சாங்கம் சரி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, நீங்களும் போகாதீர்கள். அதில் ஜெயித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. மாப்பிள்ளையின் அம்மா மனசில் சந்திராஷ்டமம் என்ற வார்த்தை விழுந்துவிட்டது, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தலைவலி வந்தால்கூட அந்த நாள்தான் காரணம் என்று ஆகிவிடும். அந்த நாளை விட்டுவிடுவதுதான் என் தங்கைக்கு நல்லது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம், 50 ஆயிரத்தை வாங்குவது சுலபமில்லை. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில், முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது என்று அச்சடித்திருந்தார்கள். வேறு தேதிக்கு மாற்றித் தாருங்கள் என்றேன், அதுவும் முடியாது என்றார்கள். இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே நாளில் அதே மண்டபத்தில் வேறொரு கல்யாணம் நடந்தது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது வாசலில் வாழைமரமும் பெயர்ப்பலகையும் பார்த்தேன். ஒரே நாளுக்கு இரண்டு பேரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். போய்க் கேட்டேன், கத்திக்கூடப் பார்த்தேன். சட்டப்படி எங்கேயாவது புகார் செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். கல்யாண வேலையை வைத்துக்கொண்டு அதற்கு யார் அலைவது என்று விட்டுவிட்டேன். அந்த மேனேஜரின் முகம் இப்போதும் கண்ணில் வந்தால் கோபம் வரும்.

அதனால் சொல்கிறேன், மண்டபத்தில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: நாங்கள் விட்டுக்கொடுத்து, அந்த நாள் வேறு ஒருவருக்குப் போனால் எங்கள் பணம் திரும்பி வருமா? வரும் என்றால் எவ்வளவு பிடித்துக்கொள்வீர்கள்? பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. இரண்டாவது மண்டபத்தில் நான் அப்படித்தான் எழுதி வாங்கினேன். அங்கே நீளமான ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். முகூர்த்த நாள்களுக்குச் சிவப்பு மையில் வட்டம், அட்வான்ஸ் கட்டியவர் பெயர் பேனாவில், பேச்சில் இருப்பவர் பெயர் பென்சிலில். "பென்சில்ல மூணு நாள் வைப்பேன் மேடம், அப்புறம் யாராச்சும் பணத்தோட வந்தா அழிச்சிருவேன்" என்றார் அங்கிருந்த பெரியவர். அந்த மூன்று நாள் எவ்வளவு பெரிய வரம்! சம்பந்தி வீட்டுக்குத் தகவல் சொல்லி, அவர்கள் ஜோசியரையும் கேட்டு, பதில் வாங்குவதற்கு அது போதும். பல மண்டபங்களில் இந்தப் பென்சில் வழக்கம் ஏதோ ஒரு விதத்தில் இருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள். வாடகை பேசும்போது ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா சேர்க்காமலா, ஜெனரேட்டர், கரன்ட், கேஸ், துப்புரவு எல்லாம் உள்ளேயா வெளியேயா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

தை போனதும் அடுத்து எந்த மாதம் என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் அக்கா மகள் பிளஸ் டூ. மார்ச் 3-ஆம் தேதி பொதுத்தேர்வு ஆரம்பம், அதனால் மாசிக் கடைசி வேண்டாம் என்றார்கள். பங்குனியில் சுக்கிரன் அஸ்தமனம் வருகிறது என்று இரண்டு ஜோசியரும், ஆச்சரியமாக, ஒரே குரலில் சொன்னார்கள். குருவோ சுக்கிரனோ சூரியனுக்கு மிக அருகில் போய்க் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் நாள்களில் கல்யாணம் வைப்பதில்லை என்பது பல வீடுகளில் வழக்கம். சித்திரை என்றால் அதே பெண்ணுக்கு நீட், அது மே 4. தாய்மாமன் கல்யாணத்துக்கு அந்தக் குழந்தை பரீட்சைப் பயத்தோடு வந்து உட்கார வேண்டுமா என்று அத்தை கேட்டது நியாயமாகவே பட்டது. இதெல்லாம் ஜாதகத்தில் இருக்காது, எந்த ஜோசியரும் கேட்கவும் மாட்டார். நீங்கள்தான் முதலில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வைகாசி என்று முடிவானது. வளர்பிறையில் ஒரு நாள். இந்த முறை இரண்டு ஜோசியர்களும் சரி என்று சொன்ன பிறகுதான் மண்டபத்துக்கு 40 ஆயிரம் கட்டினேன். பத்திரிகை அடித்தேன், 600 பத்திரிகை, 13 ஆயிரம் ரூபாய். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு வந்து, உறவுக்காரர்களுக்குக் கொடுக்க ஆரம்பிக்கிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். அவர் எப்போதும் பேச மாட்டார், அத்தைதான் பேசுவார். அதனால் பெயரைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அம்மா, ஊர்ல சாமி சாட்டிட்டாங்கம்மா" என்றார்.

கிராமத்தோடு தொடர்பில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊர்க்கூட்டம் போட்டு நாள் குறித்து அறிவிப்பதுதான் சாமி சாட்டுவது. சாமி சாட்டி, காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரை அந்த ஊரில் நல்ல காரியம் எதுவும் வைக்க மாட்டார்கள். ஊர்க்காரர்கள் ராத்திரி வெளியூரில் தங்கவும் மாட்டார்கள். ஊருக்கு ஊர் கட்டுப்பாடு கொஞ்சம் மாறும், ஆனால் இது பல ஊர்களில் உண்டு. எங்கள் தேதி சரியாக அந்தக் காப்புக்குள் விழுந்தது. கல்யாணம் திருச்சியில்தானே, உங்கள் ஊரில் இல்லையே என்று கேட்டுப் பார்த்தேன். "மாப்பிள்ளை எங்க ஊருப் பையன்ம்மா, எங்க பங்காளிங்க ஒருத்தர் வர முடியாது. நான் மட்டும் வந்து எப்படி நிக்கறது?" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? போனை வைத்துவிட்டு, அடுக்கி வைத்திருந்த பத்திரிகைக் கட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை, சிரிப்புதான் வந்தது. என் தங்கை காபி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். எல்லாரும் தன்னால்தான் கஷ்டப்படுகிறார்கள் என்ற நினைப்பு அவளுக்கு. அதைப் பார்ப்பதுதான் பணம் போனதைவிடக் கஷ்டமாக இருந்தது.

திருவிழா நாள் எல்லா வருஷமும் ஒரே தேதியில் வராது. பல ஊரில் சில வாரங்களுக்கு முன்புதான் முடிவு செய்கிறார்கள். ஆனால் மாதம் ஓரளவு தெரியும். சம்பந்தி வீட்டுக்குக் கிராமம் இருந்தால், உங்கள் ஊரில் சாமி சாட்டுவது பொதுவாக எந்த மாதம் என்று நிச்சயத்தன்றே கேளுங்கள், அந்த மாதத்தைத் தொடாதீர்கள். நேரம் இருந்தால் மாப்பிள்ளை வீட்டாரை ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் சொல்லியிருந்தால் ஒரு வாரம் தள்ளிச் சாட்டியிருப்போமே என்று கல்யாணத்துக்கு வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். என்னத்தைச் சொல்வது!

எழுதி வாங்கிய புண்ணியத்தில் இரண்டாவது மண்டபத்தில் 10 ஆயிரம் போக 30 ஆயிரம் திரும்பி வந்தது. போட்டோக்காரர் 10 ஆயிரத்தை வைத்துக்கொண்டார். பத்திரிகைக் காசு போச்சு. சமையல் மாஸ்டரும் மேளக்காரரும் ஒரு பைசா பிடிக்காமல் வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டார்கள். "கல்யாணம்னா இப்படித்தாங்க்கா, நாள் வரும்போது வரும்" என்று மாஸ்டர் சொன்னது அன்றைக்கு எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. பத்திரிகை விஷயத்தில் இப்போது நான் எல்லாருக்கும் சொல்வது, உறவுக்கும் வெளியூருக்கும் தேதியை முதலில் போனில் சொல்லிவிடுங்கள், அச்சடிப்பதைக் கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் வரை தள்ளிப்போடுங்கள். ரயில் டிக்கெட்டே இப்போது 60 நாளுக்கு முன்புதான் எடுக்க முடியும், முன்பு மாதிரி 120 நாள் கிடையாது. அதனால் நாலு மாதம் முன்பே பத்திரிகை வைத்து யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

ஆனியைப் பற்றிப் பேசவே இல்லை. மாப்பிள்ளை அந்த வீட்டில் மூத்த ஆண் பிள்ளை, மூத்த பையனுக்கு ஆனியில் கல்யாணம் வைப்பதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். போதாததற்கு அந்த ஆனியில் பெரும்பகுதி குரு அஸ்தமனம். அப்புறம் ஆடி. ஆகவே ஆவணிதான்.

இந்த முறை நான் வேறு மாதிரி ஆரம்பித்தேன். ஜோசியரிடம் போவதற்கு முன் ஒரு காலண்டரை எடுத்துக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் ஆகாத நாள்களை எல்லாம் முதலில் அடித்தேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காத வாரம், அப்பாவின் திதி, பங்காளி வீட்டில் ஏற்கெனவே வைத்திருக்கும் கிரகப்பிரவேசம், எல்லாம். ஒருநாள் ராத்திரி தங்கையைத் தனியாக உட்கார வைத்து அவளுடைய மாதவிலக்கு நாள்களையும் கேட்டேன். இதை வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் கேட்பதில்லை. நாள் குறித்த பிறகு, "அக்கா, அந்த வாரம் எனக்கு" என்று பெண் வந்து நின்றால் உடனே தள்ளிப்போடும் மாத்திரையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். என் கல்யாணத்தில் எனக்கு நடந்தது அதுதான், மணமேடையில் வாந்தி வருகிற மாதிரி தலை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்றால் மருத்துவரைப் பார்த்து, ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைகிற பிரச்சினை ஏதாவது இருந்தால் சொல்லிவிட்டுப் போடுங்கள். மருந்துக்கடையில் வாங்கி நாமே கொடுக்கிற விஷயம் இல்லை அது. மாதம் முன்பின் ஆகும்தான், ஆனாலும் பெண்ணைக் கேட்டு ஒரு பத்து நாளை முதலிலேயே ஒதுக்கிவிடுவதில் நமக்கு என்ன நஷ்டம்?

அடித்தது போக மிச்சம் இருந்த நாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனேன். அங்கிருந்தே சம்பந்தி வீட்டு ஜோசியருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். முதல் கால் மணி நேரம் இரண்டு பேரும் பஞ்சாங்கத்தைப் பற்றித்தான் பேசினார்கள். இவர் தம் குருவைச் சொன்னார், அவர் தம் சாஃப்ட்வேரைச் சொன்னார். நான் நடுவில் புகுந்து, "ஐயா, இரண்டுலயும் சரியா வர்ற நாள் ஒண்ணு சொல்லுங்க, போதும்" என்றேன். அதன் பிறகு வேலை நடந்தது. முகூர்த்த நேரத்துக்கு முன்னும் பின்னும் பல மணி நேரம் அதே நட்சத்திரமும் அதே திதியும் ஓடுகிற நாளாக எடுத்தால், பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சில மணி நேரம் தள்ளிப் போனாலும் ஒன்றும் ஆகாது. இதை இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். நட்சத்திரம் மாறுகிற விளிம்பில் இருக்கும் நாளை எடுத்தால்தான் தகராறு. எனக்கு இந்த ஒரு விஷயம் தையில் தெரிந்திருந்தால் 50 ஆயிரம் மிச்சம்.

கிடைத்தது ஒரு வியாழக்கிழமை. ஆறிலிருந்து ஏழரை எமகண்டம், அது முடிந்ததும் ஒன்பதுக்குள் முகூர்த்தம். தினசரிக் காலண்டரில் அது முகூர்த்த நாள் என்று போட்டிருக்கவில்லை. காலண்டரில் போடுவது பொதுவான நாள்கள், குறிப்பிட்ட இரண்டு ஜாதகத்துக்கு நல்ல நாள் அதற்கு வெளியேயும் இருக்கும் என்று எங்கள் ஜோசியர் விளக்கினார். இதில் எனக்குக் கிடைத்த லாபம் கொஞ்சமில்லை. தையில் ஒரு லட்சத்து 20 ஆயிரம் வாடகை கேட்ட மாதிரியான மண்டபம் இப்போது 85 ஆயிரத்துக்குக் கிடைத்தது. மேளக்காரர் அடுத்த மண்டபத்துக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லாமல் நின்று நிதானமாக வாசித்தார். பூ விலையும் மற்ற முகூர்த்த நாள் மாதிரி ஏறவில்லை. "காலண்டர்ல ஒண்ணும் போடலையே" என்று அத்தை வழி உறவில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அத்தையே, "ரெண்டு ஜோசியரும் சேர்ந்து குறிச்ச நாளாக்கும்" என்று வாயை அடைத்துவிட்டார். அவரையும் அந்தப் போன் பேச்சில் சேர்த்திருந்தேன், அதன் பலன் அது.

வேலை நாளில் வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. காலை முகூர்த்தத்துக்கு ஆபீஸ் போகிறவர்கள் வர மாட்டார்கள், முதல் நாள் மாலை ரிசப்ஷனுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். சாப்பாட்டுக் கணக்கை அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் மாஸ்டரிடம் மாலைக்கு 600, காலைக்கு 350 என்று சொன்னேன். சரியாக இருந்தது. இன்னொன்று, தேர்தல் வருஷமாக இருந்தால் பங்குனி, சித்திரை முகூர்த்தங்களில் ஜாக்கிரதையாக இருங்கள். 2021-லும் 2024-லும் இங்கே ஏப்ரலில்தான் வாக்குப்பதிவு நடந்தது. நடத்தை விதி அமலில் இருக்கும்போது 50 ஆயிரத்துக்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படையிடம் ஆவணம் காட்ட வேண்டும். கல்யாணப் பத்திரிகை, வங்கியில் எடுத்த சீட்டு, நகைக்கடை ரசீது எல்லாம் பையிலேயே இருக்கட்டும்.

இனி நகை. பெரிய அடி இதில்தான் விழுந்தது. தாலிக்கொடியும் ஆரமும் சேர்த்து எட்டு சவரன் வாங்க வேண்டியிருந்தது. தை மாதம் சவரன் 60 ஆயிரத்தைத் தொட்டபோதே எல்லாரும் வாயைப் பிளந்தோம். அப்பாவின் பி.எஃப். பணம் கைக்கு வந்திருந்தது. ஆனால் நாளே நிச்சயமில்லாதபோது நகையை வாங்கிப் பூட்டி வைப்பானேன், மண்டபம் மறுபடி எவ்வளவு கேட்குமோ என்று அம்மா தயங்கினாள், நானும் சரி என்று விட்டேன். ஏப்ரலில் 70 ஆயிரம். ஆடியில் நாங்கள் கடைக்குப் போனபோது 75 ஆயிரம். எட்டு சவரனுக்கு வித்தியாசம் மட்டும் ஒரு லட்சத்து 20 ஆயிரம், செய்கூலி சேதாரம் தனி. விலை எப்போது ஏறும் இறங்கும் என்று எனக்கு ஜோசியம் தெரியாது. ஆனால் நாள் தள்ளிப் போகிறது என்பதற்காக நகையைத் தள்ளிப்போட அவசியமே இல்லை. சம்பந்தம் உறுதியாகிவிட்டதா, கையில் பணம் இருக்கிறதா, வாங்கிவிடுங்கள். தேதி போட்டு அச்சடிப்பது பத்திரிகையைத்தானே, தாலிக்கொடியை இல்லையே.

கல்யாணம் முடிந்த பிறகும் ஒரு நாள் கணக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அது தவறினால் இன்னும் 60 நாள், கூடுதல் கட்டணத்தோடு. 2009-ஆம் ஆண்டுச் சட்டம். மாப்பிள்ளை வெளியூரில் வேலை பார்ப்பவராக இருந்தால் கல்யாண லீவிலேயே இந்த வேலையையும் முடிக்கும்படி நாளைப் பாருங்கள். வியாழன் கல்யாணம் என்றதால் எங்களுக்கு வெள்ளிக்கிழமை மறுவீடு, அடுத்த திங்கள்கிழமை பதிவு அலுவலகம் என்று சுலபமாக முடிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் பெங்களூர் போய்விட்டார்கள், மறுபடி இரண்டு பேருக்கும் சேர்ந்து லீவு கிடைத்தது தீபாவளிக்குத்தான்.

தீபாவளி என்றதும் இது வருகிறது. ஆவணியில் கல்யாணம் வைத்தால் இரண்டு மாதத்தில் தலை தீபாவளி வந்து நிற்கும். மண்டபக் கடன் ஆறுவதற்குள் மாப்பிள்ளைக்கு மோதிரம், இரண்டு பேருக்கும் துணி, சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம். 2025 தீபாவளிக்குச் சவரன் 95 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. நல்லவேளையாக, ஆடியில் தாலிக்கொடி வாங்கப் போனபோதே கடைக்காரர், "தலை தீபாவளி மோதிரத்தையும் இப்பவே பார்த்துருங்கம்மா, பில்லு ஒண்ணாப் போயிரும்" என்றார். வியாபாரத்துக்குத்தான் சொன்னார், எனக்கும் அது தெரியும். ஆனாலும் மாப்பிள்ளையின் விரல் அளவைப் போனில் கேட்டு வாங்கிவிட்டேன். இந்த எட்டு மாதத்தில் நாள் பார்க்காமல் செய்த ஒரே காரியம் அது, நகையில் எனக்கு லாபம் கிடைத்தது அதில் மட்டும்தான்.